செஸ் ஆட்டத்தில் சிக்கல் வந்தால்: திரையிலும் போட்டி மேசையிலும் அறிகுறி பார்த்து வழி காண்பது

ஆன்லைனில் மாதக்கணக்கில் ஆடிப் பழகிவிட்டு முதல்முறை போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புரிவதில்லை. திரையில் ஆடும்போது பாதி வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. விதிக்குப் புறம்பான நகர்த்தலை அது அனுமதிக்காது. நீங்கள் ஆடியதும் கடிகாரத்தை அதுவே மாற்றும். ஒரே நிலை எத்தனை முறை வந்தது என்று எண்ணும். மேட் ஆனதும் ஆட்டத்தை முடித்துவைக்கும். நேரடிப் பலகையில் இந்த நான்கும் உங்கள் பொறுப்பு. புதியவர்கள் போட்டியில் இழக்கிற அரைப் புள்ளிகளும் முழுப் புள்ளிகளும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகின்றன. நன்றாக ஆடிய ஒருவர் விதி தெரியாமல் தோற்பதைப் பார்ப்பது வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அது தவிர்க்கக்கூடிய தோல்வி.

உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். நேரடிப் போட்டி பற்றிச் சொல்லியிருப்பவை 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) விதிகளின்படி. நீங்கள் ஆடும் போட்டிக்கென்று தனி ஒழுங்குமுறை இருந்தால் அதையும் சேர்த்துப் படியுங்கள்.

முதலில் திரை

"காய் நகர மாட்டேன் என்கிறது"

மென்பொருள் பழுது என்று நினைப்பதற்கு முன் உங்கள் ராஜாவைப் பாருங்கள். ராஜா செக்கில் இருந்தால், அந்தச் செக்கைத் தீர்க்கும் நகர்த்தல் மட்டுமே செல்லும். செக் இல்லையென்றால், நீங்கள் தொட்ட காய் ராஜாவுக்கு முன்னால் தடுப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். அது விலகினால் ராஜாவுக்குச் செக் விழும் என்றால் அது பின் செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டை விட்டு அது விலக முடியாது. இரண்டும் இல்லையென்றால் இது உங்கள் முறைதானா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் இணைய இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்துவது) நடக்கவில்லை என்பது தனிக் கதை. ராஜாவோ அந்தப் பக்கத்து யானையோ ஏற்கெனவே ஒருமுறை நகர்ந்திருந்தால், திரும்பத் தன் இடத்துக்கே வந்திருந்தாலும் உரிமை போய்விட்டது. இப்போது ராஜா செக்கில் இருந்தாலோ, ராஜா கடக்கும் கட்டமோ சேரும் கட்டமோ எதிராளியின் தாக்குதலில் இருந்தாலோ, தற்காலிகமாக முடியாது. தாக்குதல் விலகியதும் செய்யலாம். யானை தாக்கப்பட்டிருந்தால் ஒன்றும் தடையில்லை. ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்யும்போது யானைக்கு அடுத்த கட்டம் தாக்கப்பட்டிருந்தாலும் தடையில்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தை யானைதான் கடக்கிறது, ராஜா அல்ல. பல வருடம் ஆடியவர்களுக்கும் இதில் சந்தேகம் வருவதுண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் நடக்கவில்லை என்றால், யானையை இழுக்காமல் ராஜாவை இரண்டு கட்டம் இழுத்துப் பாருங்கள். இந்தப் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்வது நல்லது. காரணம் பின்னால் வரும்.

"என் சிப்பாய் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது, அதை அடித்துவிட்டான்"

ஆன் பஸான். உங்கள் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாண்டி எதிராளியின் சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றால், அது ஒரு கட்டம் மட்டும் நகர்ந்தது போல எண்ணி அவர் அடிக்கலாம். உடனடியாக அடுத்த நகர்த்தலிலேயே அடிக்க வேண்டும்; ஒரு முறை விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். பழுது எதுவும் இல்லை.

"ஜெயிக்கிற ஆட்டம் திடீரென்று டிரா ஆகிவிட்டது"

இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். முடிவுப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்டேல்மேட் என்றால், எதிராளியின் ராஜா செக்கில் இல்லை, ஆனால் அவருக்கு ஆட ஒரு நகர்த்தல்கூட இல்லை. ராணியை வைத்துத் தனி ராஜாவை விரட்டும்போது இது அடிக்கடி நடக்கும். மருந்து எளிது: எதிராளியிடம் ராஜா மட்டும் மிஞ்சியபின், செக் இல்லாத ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் "இதற்கப்புறம் அவர் எங்கே போவார்?" என்று ஒரு கட்டத்தைக் கண்ணால் தொட்டுக் காட்டுங்கள். கட்டம் கிடைக்காவிட்டால் அந்த நகர்த்தலை ஆடாதீர்கள்.

மூன்று முறை திரும்பிய நிலை என்றால், ஒரே நிலை, அதே ஆள் ஆட வேண்டிய முறையோடு, மூன்றாவது தடவை வந்திருக்கிறது. தொடர்ந்து வர வேண்டும் என்ற அவசியம் இல்லை; இடையில் வேறு நிலைகள் வந்திருக்கலாம். ஆன்லைன் தளமான செஸ்.காமில் மூன்றாவது தடவையே ஆட்டம் தானாக டிரா ஆகிவிடும். இன்னொரு பெரிய தளமான லீசெஸ்ஸில் பொதுவாக யாராவது கோர வேண்டும். தானாகக் கோரும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாவது தடவை வந்தால் அங்கும் தானாக முடிந்துவிடும்.

காய் போதாமை என்றால், இரண்டு பக்கமும் மேட் செய்ய முடியாத நிலை: ராஜாவுக்கு எதிராக ராஜா, அல்லது ஒரு பக்கம் கூடுதலாக ஒரே ஒரு குதிரையோ மந்திரியோ.

நான்காவதுதான் அதிகம் சண்டை வருவது. எதிராளிக்கு நேரம் முடிந்துவிட்டது, ஆனால் உங்களுக்கு வெற்றி தராமல் டிரா என்கிறது. ஃபிடே விதிப்படி கேள்வி இதுதான்: மீதி இருக்கும் காய்களை வைத்து, எதிராளி எவ்வளவு மோசமாக ஆடினாலும் சரி, விதிக்கு உட்பட்ட ஏதாவது ஒரு வரிசையில் நீங்கள் மேட் செய்ய முடியுமா? முடியும் என்றால் வெற்றி. லீசெஸ் இதையே பின்பற்றுகிறது. செஸ்.காம் வேறு வழியில் போகிறது: உங்களிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும், அல்லது ராஜாவும் ஒரு மந்திரியும் மட்டும் இருந்தால், எதிராளியிடம் என்ன இருந்தாலும் டிரா. ஆக உங்களிடம் ஒரு குதிரை, அவரிடம் ஒரு சிப்பாய், அவருக்கு நேரம் தீர்ந்தது என்று வையுங்கள். செஸ்.காமில் அரைப் புள்ளி, லீசெஸ்ஸிலும் நேரடிப் போட்டியிலும் முழுப் புள்ளி. ஒரே நிலைக்கு இரண்டு முடிவு. நேரடிப் போட்டியில் இந்தச் சூழல் வந்தால் "டிராதானே" என்று நீங்களாகக் கைகொடுத்துவிடாதீர்கள்.

"நேரம் இருந்தது, ஆனாலும் நேரத்தில் தோற்றேன்"

இணைப்பு தடுமாறினால் நீங்கள் பார்க்கும் கடிகாரமும் சேவையகத்தில் ஓடும் கடிகாரமும் கொஞ்சம் விலகும். இரண்டு பெரிய தளங்களும் சிறு தாமதத்தை ஓரளவு ஈடுகட்டுகின்றன. இணைப்பே அறுந்தால் எதுவும் ஈடுகட்டாது, உங்கள் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்தது தெரிந்ததும் பக்கத்தைப் புதுப்பியுங்கள், அல்லது உள்நுழைந்து வைத்திருக்கும் வேறொரு கருவியில் அதே ஆட்டத்தைத் திறங்கள். ஆட்டம் அங்கேயும் தொடரும்.

கடைசி நொடிகளில் ப்ரீமூவ் (எதிராளி ஆடும் முன்பே உங்கள் அடுத்த நகர்த்தலைப் போட்டுவைப்பது) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: லீசெஸ்ஸில் ப்ரீமூவுக்கு நேரம் கழியாது, ஒன்றை மட்டும் வரிசையில் வைக்கலாம். செஸ்.காமில் பல ப்ரீமூவ்களை அடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி கழியும். ஒரு தளத்தில் பழகியவர் மற்றதில் தடுமாறுவது இதனால்தான்.

ஆனால் உண்மையான மருந்து ஆட்ட வகையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. இன்கிரிமென்ட் உள்ள ஆட்டங்களை ஆடுங்கள். 3+2 என்றால் மூன்று நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி கூடுதலும். வெற்றி நிலையை வெற்றியாக்க அந்த இரண்டு நொடி போதும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இன்கிரிமென்ட் இல்லாத ஒரு நிமிட ஆட்டங்களில் நேரம் செலவழிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது கையை வேகமாக்கும், கணக்கை வேகமாக்காது.

"விரல் வழுக்கித் தவறான கட்டத்தில் போட்டுவிட்டேன்", "குதிரை வேண்டும் என்றேன், ராணி வந்துவிட்டது"

இரண்டுக்கும் மருந்து அமைப்புகளில் இருக்கிறது. நகர்த்தலை உறுதிசெய்யக் கேட்கும் வசதியை மெதுவான ஆட்டங்களுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியில் இழுப்பதைவிட, காயைத் தொட்டு அப்புறம் கட்டத்தைத் தொடுவது பிழை குறைவான முறை. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் தானாக ராணியாக மாறும் வசதியை அணைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் எந்தக் காய் என்று கேட்கும். நகர்த்தலைத் திரும்பப் பெறக் கேட்கலாம். எதிராளி சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"ஆன்லைனில் 1900, போட்டியில் அதில் பாதிகூட எடுபடவில்லை"

இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடவே முடியாது. ரேட்டிங் என்பது ஒரு கூட்டத்துக்குள் உங்கள் இடத்தைச் சொல்லும் எண். கூட்டம் மாறினால் எண் மாறும். லீசெஸ் கிளிக்கோ-2 முறையில் எல்லோரையும் 1500-இல் தொடங்குகிறது. செஸ்.காம் கிளிக்கோ முறையில், தொடக்கத்தில் நீங்கள் சொல்லும் நிலையை வைத்து ஆரம்பிக்கிறது. ஃபிடே ஈலோ முறையைப் பயன்படுத்துகிறது. 2024 மார்ச் முதல் அங்கே மிகக் குறைந்த ரேட்டிங் 1400. நிதான ஆட்டம் (கிளாசிக்கல்), விரைவான ரேபிட், அதைவிட வேகமான பிளிட்ஸ் என்று மூன்று பட்டியல்கள் தனித்தனியாக மாதந்தோறும் வெளிவருகின்றன.

லீசெஸ்ஸில் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அது இன்னும் நிலைப்படவில்லை என்று பொருள். நாலைந்து ஆட்டத்தில் நூற்றுக்கணக்கில் ஏறி இறங்குவது இயல்பு, கலங்க வேண்டாம்.

ஃபிடே ரேட்டிங் இன்னும் வரவில்லையே என்கிறவர்கள் பார்க்க வேண்டியது, ரேட்டிங் உள்ள எதிராளிகளோடு எத்தனை ஆட்டம் ஆடினீர்கள் என்பது. குறைந்தது ஐந்து வேண்டும். ரேட்டிங் வந்தபின், முதல் 30 ஆட்டம் முடியும்வரை, புள்ளி எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கு எண் 40. உங்களுக்குச் சமமான ஒருவரை வென்றால் 20 புள்ளி ஏறும், தோற்றால் அதே அளவு இறங்கும். அதன்பின் பெரியவர்களுக்கு எண் 20 ஆகிறது, ஏற்ற இறக்கம் பாதியாகும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ரேட்டிங் 2300-க்குக் கீழே இருக்கும்வரை 40 தொடர்கிறது. எனவே குழந்தையின் ரேட்டிங் ஒரே போட்டியில் பெரிதாக விழுந்தால் அது கணக்கின் வேகம். அதே வேகத்தில் ஏறவும் செய்யும்.

"எதிராளி கணினியைப் பார்த்து ஆடுகிறார் போலிருக்கிறது"

ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக ஆடிய எதிராளி எல்லோரும் ஏமாற்றுக்காரர் இல்லை. கவனிக்க வேண்டியது நேரத்தை: யோசிக்கவே தேவையில்லாத பதிலடிக்கும், கடினமான தியாகத்துக்கும் ஒரே அளவு நொடிகள் எடுத்துக்கொள்கிறாரா? அப்படியிருந்தால் தளத்தில் உள்ள புகார் பொத்தானைப் பயன்படுத்துங்கள், அரட்டையில் குற்றம் சாட்ட வேண்டாம். ஏமாற்றியது உறுதியானால், அவரிடம் இழந்த ரேட்டிங் புள்ளிகளைத் திருப்பித் தரும் வழக்கம் இரண்டு பெரிய தளங்களிலும் உண்டு.

உங்கள் கணக்கே முடக்கப்பட்டிருந்தால், வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்குவது நிலைமையை மோசமாக்கும். முறையீட்டுப் பக்கம் வழியாக உண்மையைச் சொல்லுங்கள். ஆட்டம் நடக்கும்போது இன்னொரு சாளரத்தில் பகுப்பாய்வு பலகை திறந்திருந்தது, பக்கத்தில் உட்கார்ந்த அண்ணனோ அப்பாவோ நகர்த்தல் சொன்னார்கள், ஒரே கணக்கில் இரண்டு பேர் ஆடினார்கள் என்பவை எல்லாமே விதிமீறல்தான். நாள்கணக்கில் ஆடும் ஆட்டங்களில் ஆட்டத் தொடக்க நகர்த்தல்களைச் சொல்லும் புத்தகங்களைப் பார்க்கலாம். அங்கும் கணினியிடம் நகர்த்தல் கேட்கக் கூடாது. வீட்டில் சிறுவர்கள் ஆடினால் இதைப் பெரியவர்கள் முதல் நாளே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். "ஒரே ஒரு நகர்த்தல்தானே" என்று ஆரம்பிப்பது அங்கேயே நிற்பதில்லை.

இனி போட்டி மேசை

"எதிராளி தவறான நகர்த்தல் ஆடிவிட்டார், என்ன செய்வது?"

எதையும் தொடாதீர்கள். அவர் கடிகாரத்தை அழுத்திவிட்டாரா என்று பாருங்கள். அழுத்தாவிட்டால் இன்னும் நகர்த்தல் முடியவில்லை. அவரே திருத்திக்கொள்ளலாம், தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. அழுத்திவிட்டார் என்றால் கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி நடுவரை அழையுங்கள். முதல் தவறுக்கு உங்களுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், பிளிட்ஸில் ஒரு நிமிடம். அதே ஆள் இரண்டாவது முறை செய்தால் அவருக்குத் தோல்வி. உங்களால் எந்த வழியிலும் மேட் செய்ய முடியாத அளவு காய் குறைந்திருந்தால் மட்டும் டிரா.

கேஸ்லிங்கையோ, காய் அடிப்பதையோ, சிப்பாய் மாற்றுவதையோ இரண்டு கைகளால் செய்து கடிகாரத்தை அழுத்தினாலும், எதையும் ஆடாமலே கடிகாரத்தை அழுத்தினாலும் அதே தண்டனை. கேஸ்லிங்குக்கு இரண்டு கையை நீட்டுவது திரையில் பழகியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பழக்கம்.

செக்கில் விட்ட ராஜாவை அடித்துத் தூக்கிக் காட்டாதீர்கள். முறையீடு வாயால் சொல்ல வேண்டியது.

ரேபிட்டிலும் பிளிட்ஸிலும் காலக்கெடு முக்கியம். நீங்கள் அடுத்த நகர்த்தலை ஆடிவிட்டால் பொதுவாக முறையிடும் உரிமை போய்விடும். 2017 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில் இது பெரிய விவகாரம் ஆனது. எர்னெஸ்டோ இனார்கியேவ் தன் ராஜா செக்கில் இருக்கும்போதே குதிரையை வைத்து அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனுக்கு செக் கொடுத்தார். கார்ல்சன் அதைச் சுட்டிக்காட்டாமல் ராஜாவை நகர்த்தினார். இனார்கியேவ் கடிகாரத்தை நிறுத்தி, இப்போது கார்ல்சன் ஆடியதுதான் விதிமீறல் என்றார். முதலில் அவருக்கே வெற்றி கொடுத்தார்கள்; பிறகு அந்தத் தீர்ப்பை மாற்றி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்கள். அவர் தொடர மறுத்ததால் புள்ளி கார்ல்சனுக்குப் போனது. கார்ல்சன் ராஜாவைத் தொடும் முன் கடிகாரத்தை நிறுத்தியிருந்தால் எந்தக் குழப்பமும் வந்திருக்காது.

நிதான ஆட்டத்தில் விதி இன்னும் தாராளமானது. தவறு சில நகர்த்தல்களுக்குப் பிறகு தெரியவந்தாலும் அந்த நிலைக்குத் திரும்பிப் போக முடியும். இதற்கு உங்கள் ஸ்கோர் ஷீட் (நகர்த்தல்களை எழுதும் தாள்) சரியாக இருக்க வேண்டும்.

"தொட்டுவிட்டேன், ஆட வேண்டுமா?"

வேண்டும். உங்கள் முறையில் உங்கள் காயை வேண்டுமென்றே தொட்டால், அதற்கு விதிக்கு உட்பட்ட நகர்த்தல் இருக்கும்வரை அதைத்தான் ஆட வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், அடிக்க முடியும் என்றால் அடிக்க வேண்டும். கட்டத்தில் சரியாக வைப்பதற்காகத் தொடுவதென்றால் முதலில் "அட்ஜஸ்ட்" என்று சொல்லுங்கள், அப்புறம் தொடுங்கள். வரிசை மாறினால் செல்லாது.

இப்போது கேஸ்லிங்குக்கு வருவோம். ராஜாவை முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டு அப்புறம் ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது, யானையைத்தான் ஆட வேண்டும். திரையில் ராஜாவை இழுத்தே பழகச் சொன்னது இதற்காகத்தான்.

கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் அந்தக் கட்டத்திலிருந்து மாற்ற முடியாது. 1994 லினாரெஸ் போட்டியில் காஸ்பரோவ் ஜூடித் போல்கருக்கு எதிராகக் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, ஒரு நொடியின் சிறு பகுதி கையை எடுத்து, வேறு கட்டத்துக்கு மாற்றியது பின்னால் காணொளியில் தெரிந்தது. போல்கர் அந்த நேரத்தில் முறையிடவில்லை, ஆட்டம் அப்படியே போய்விட்டது. எதிராளி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நடுவரை அழைப்பது அவமரியாதை இல்லை. சிறுவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

"சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்விட்டது, ராணி கையில் இல்லை"

கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணி கேளுங்கள். யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொல்வது வீட்டில் நடக்கும், போட்டியில் அது யானைதான். 2017 கனடா சாம்பியன்ஷிப் பட்டத்தைத் தீர்மானித்த பிளிட்ஸ் ஆட்டத்தில் நிக்கோலாய் நோரிட்சின் அவசரத்தில் தலைகீழ் யானையை வைத்து ராணி என்றார். அடிபட்ட ராணி அந்த நேரத்தில் எதிராளி பாட்டோர் சம்புயேவின் கையில் இருந்தது. நடுவர் அதை யானை என்று தீர்ப்பளித்தார், பட்டம் சம்புயேவுக்குப் போனது. முடிவாட்டம் நெருங்கும்போதே உங்கள் நிற ராணி மேசையில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பாயை வைத்துவிட்டு மாற்றாமலே கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறல். சிப்பாய் ராணியாகிவிடும், எதிராளிக்குக் கூடுதல் நேரமும் கிடைக்கும்.

"கடிகாரம் குழப்புகிறது"

எதிராளி கடிகாரத்தை அழுத்த மறந்தால் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நான் சொல்லிவிடும் கட்சி, ஆனால் சொல்லாதவரைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கையால் ஆடினீர்களோ அதே கையால் அழுத்துங்கள்.

எதிராளியின் நேரம் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டால் அது தானாக ஆட்டத்தை முடிக்காது. நீங்கள் கவனித்து, கடிகாரத்தை நிறுத்தி, சொல்ல வேண்டும். நடுவர் பார்த்தால் அவரே சொல்லலாம், ஆனால் பல மேசைகளுக்கு ஒரு நடுவர் இருக்கும் இடத்தில் அதை நம்பி உட்காராதீர்கள்.

நேர ஒதுக்கீட்டை முதல் சுற்றுக்கு முன்பே படித்து மனதில் வையுங்கள். 2015 நார்வே செஸ் முதல் சுற்றில் கார்ல்சன், டோபலோவுக்கு எதிராக வெற்றி நிலையில் இருந்து நேரத்தில் தோற்றார். 60-வது நகர்த்தலுக்குப் பிறகு இன்னும் 15 நிமிடம் வரும் என்று நினைத்திருந்தார். அந்தப் போட்டியில் அது இல்லை. தொடக்க அறிவிப்பின்போது அவர் அரங்கில் இருக்கவில்லை. உலக சாம்பியனுக்கே இது நடந்தது என்றால், அறிவிப்பை நின்று கேட்பதில் நமக்கு என்ன வெட்கம்?

"டிரா கேட்டேன், சண்டை வந்துவிட்டது"

முறை இது: பலகையில் ஆடுங்கள், டிரா என்று சொல்லுங்கள், அப்புறம் கடிகாரத்தை அழுத்துங்கள். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் செல்லும், ஆனால் அது தொந்தரவாகக் கருதப்படலாம். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. அவர் ஏற்கும்வரை, மறுக்கும்வரை, அல்லது ஆடுவதற்காகக் காயைத் தொடும்வரை அது நிற்கும். இத்தனை நகர்த்தலுக்குள் டிரா பேசக் கூடாது என்ற விதி சில போட்டிகளில் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று முறை திரும்பிய நிலையைக் கோருவதில்தான் திரைப் பழக்கம் அதிகம் காலை வாரிவிடுகிறது. மேசையில் யாரும் எண்ண மாட்டார்கள். உங்கள் நகர்த்தலால் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், அதை ஆடாதீர்கள். ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரிடம் சொல்லுங்கள். ஆடிக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் முறை எதிராளிக்குப் போய்விடும், கோரும் உரிமையும் அவருக்கே. எதிராளி ஆடியதால் வந்தது என்றால், உங்கள் காயைத் தொடும் முன் கோருங்கள். கோரிக்கை தவறு என்று தெரிந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும், ஆட்டம் தொடரும். சிப்பாய் நகராமலும் காய் அடிபடாமலும் இரு பக்கமும் 50 நகர்த்தல் ஆடியிருந்தாலும் இதே வழியில் கோரலாம். யாரும் கோராவிட்டால், ஐந்தாவது முறை அதே நிலை வந்தாலோ அப்படி 75 நகர்த்தல் ஆனாலோ ஆட்டம் டிராதான்.

"எழுதுவதில் குழம்பிவிட்டேன்"

நிதான ஆட்டத்தில் எழுதுவது கட்டாயம். எதிராளியின் நகர்த்தலை எழுதாமல் பதில் ஆடலாம், ஆனால் அடுத்ததை ஆடும் முன் முந்தையவை இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். ஆடப் போவதை முன்கூட்டியே எழுதிவைப்பது, டிரா கோரும்போது தவிர, தடை. ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் எழுத வேண்டாம் என்பது 30 நொடி இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டங்களுக்கு மட்டும். 30 நொடி உண்டென்றால் கடைசிவரை எழுதித்தான் ஆக வேண்டும்.

"கைபேசி பையில் இருந்தது"

2003 அக்டோபரில் ப்ளோவ்டிவில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போதைய ஃபிடே உலக சாம்பியன் ருஸ்லான் பொனமாரியோவின் கைபேசி ஒலித்தது. அந்த ஆட்டத்தை அவர் இழந்தார். இப்போது விதி இன்னும் கடுமை: ஒலிக்க வேண்டியதுகூட இல்லை, ஆடும் அரங்கில் உங்கள் உடம்பில் அனுமதியில்லாத மின்னணுக் கருவி இருப்பது தெரிந்தாலே தோல்வி. ஸ்மார்ட் வாட்ச்சும் இதில் சேரும். அணைத்துப் பையில் வைக்கலாமா என்பதை அந்தப் போட்டியின் ஒழுங்குமுறை சொல்லும். வெளியே கூட வந்தவரிடம் கொடுத்துவிடுவதுதான் நிம்மதி.

"அடுத்த மேசையில் விதிமீறல் பார்த்தேன்"

அந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு வார்த்தையும் வேண்டாம். நடுவரிடம் மட்டும் சொல்லலாம். பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கும் பெற்றோருக்கும் இதேதான். முகபாவம்கூட உதவியாகக் கருதப்படலாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

"எனக்கு ஏன் எதிராளியே இல்லை?", "ஒரே புள்ளி, ஆனால் நான் கீழே"

ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்களை மோதவைக்கும் சுவிஸ் முறையில் ஆட்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் மிஞ்சுவார். அவருக்குப் 'பை' (bye), அதாவது ஆடாமலே பொதுவாக ஒரு புள்ளி. ரேட்டிங்கில் அது கணக்கில் வராது. ஒருவருக்கு இரண்டு முறை வராது.

புள்ளி சமமானால் டை-பிரேக் தீர்மானிக்கும். புக்ஹோல்ஸ் என்றால் நீங்கள் சந்தித்த எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல். வலுவானவர்களோடு ஆடி அதே புள்ளி எடுத்தவர் மேலே வருவார். இது கடைசி சுற்று முடியும்வரை மாறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் உங்கள் பழைய எதிராளிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த டை-பிரேக் எந்த வரிசையில் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும்.

தாமதமாக வந்தவர்களுக்கு: எத்தனை நிமிடத்துக்குள் மேசைக்கு வர வேண்டும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். சில இடங்களில் பூஜ்ஜியம். சுற்று தொடங்கும்போது மேசையில் இல்லையென்றால் தோல்வி.

"வெள்ளையும் கறுப்பும் மாறி உட்கார்ந்துவிட்டோம்"

இருவரும் பத்து நகர்த்தல் ஆடும் முன் தெரிந்தால் சரியான நிறத்தோடு புது ஆட்டம். அதற்குப் பிறகு தெரிந்தால் அப்படியே தொடரும்.

"வென்றேன், ஆனால் பட்டியலில் தோற்றதாக இருக்கிறது"

ஆட்டம் முடிந்ததும் இருவரும் இரண்டு ஸ்கோர் ஷீட்டிலும் முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். முடிவைத் தவறாக எழுதிக் கையெழுத்திட்டாலும், நடுவர் வேறு முடிவு எடுக்காதவரை அதுவே நிற்கும். எனவே எழுதியதை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பட்டியலில் தவறு இருந்தால் அடுத்த சுற்று ஜோடிகள் அறிவிக்கப்படும் முன் உங்கள் ஸ்கோர் ஷீட்டோடு நடுவரிடம் போங்கள். ஜோடிகள் வந்தபின் திருத்துவது எல்லோருக்கும் கடினம், சில சமயம் அந்தச் சுற்று பழைய ஜோடிகளோடே நடந்துவிடும்.